வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் கணக்கு

பூகோள வகுப்பில் நீங்கள் எல்லோரும் செய்திருக்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. கடையில் ஒரு 'மேப்' வாங்குவீர்கள். மாவட்டங்களின் எல்லைக்கோடு மட்டும் அச்சிட்டிருக்கும் அந்தத் தாளில், நெல் மிகுதியாக விளையும் மாவட்டங்களுக்குப் பச்சையும் கரும்பு விளையும் மாவட்டங்களுக்கு மஞ்சளும் தீட்டுவீர்கள். பிறகு ஓரத்தில் சிறு கட்டங்கள் வரைந்து, இன்ன நிறத்துக்கு இன்ன பொருள் என்று எழுதுவீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய நான், அத்தகைய படங்களை ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறேன்.

இன்று அந்த வேலையைக் கணிப்பொறி செய்கிறது. மாணவன் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தீட்டும் படத்தை அது ஒரு நொடியில் தீட்டிவிடும். கோட்டுக்கு வெளியே நிறம் வழிவதில்லை. கை வலிப்பதும் இல்லை. ஆனால் அழகாகத் தீட்டப்பட்ட படம் உண்மையான படந்தானா என்ற கேள்வியைக் கணிப்பொறி தானாகக் கேட்டுக்கொள்வதில்லை. அதைக் கேட்கவேண்டியவர்கள் நாம். எவ்வாறு கேட்பது என்பதை நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாக வைத்து விளக்க விரும்புகிறேன்.

இக்கலையின் பிறப்பை முதலில் பார்ப்போம். 1826 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் சார்ல் துப்பேன் என்ற கணித அறிஞர் ஒரு படம் வெளியிட்டார். அந்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பேருக்கு ஒரு சிறுவன் பள்ளிக்குச் செல்கிறான் என்று அவர் கணக்கிட்டார். பள்ளிக்குச் செல்வோர் மிகுந்த மாவட்டங்களை வெண்மையாக விட்டார். குறையக் குறைய நிழலை அடர்த்தியாக்கினார். வடக்கும் வடகிழக்கும் வெளுத்தும், மற்றப் பெரும்பகுதி கறுத்தும் தோன்றின. அட்டவணையில் பல வரிசை எண்களாகக் கிடந்த செய்தி, ஒரே பார்வையில் கண்ணுக்குப் புலனாயிற்று. கல்வியின் நிலையைக் காட்டவே இத்தகைய படம் தோன்றியது என்பதை நினைக்கும்போது, ஆசிரியத் தொழில் செய்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. இவ்வகைப் படத்துக்குக் 'கோரோப்ளெத்' என்று பின்னாளில் பெயர் வந்தது. இடம் என்றும் திரள் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, ஜான் கர்ட்லாண்ட் ரைட் என்ற அமெரிக்கப் பூகோள அறிஞர் 1938 இல் இப்பெயரை இட்டார்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். புள்ளியியலுக்கென்று அமைந்த கணிப்பொறி மொழிகள் சில உள்ளன. அவற்றுள் 'ஆர்' என்பது இன்று உலகெங்கும் கல்லூரிகளில் பயிலப்படுகிறது. நியூசிலாந்து நாட்டில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரு ஆசிரியர்கள் 1990 களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினர். இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஆர் என்ற எழுத்தில் தொடங்குவது பெயருக்கு ஒரு காரணம். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸ் முதலியோர் 1976 இல் தொடங்கிய 'எஸ்' என்ற மொழியை அடியொற்றி எழுந்தமை மற்றொரு காரணம். 1995 இல் இதனை எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆதலால், சென்னையிலுள்ள பெருங்கல்லூரியின் மாணவன் கையாளும் அதே கருவியைச் சின்னசேலத்தில் ஒரு மாணவனும் காசு கொடாமல் கையாளலாம். நான் ஓய்வு பெற்றபின் என் பேரனுடைய கணிப்பொறியின் முன் அமர்ந்து இதனைக் கற்றேன். அறுபது வயதுக்குமேல் எனக்கு முடிந்தது பதினாறு வயதில் உங்களுக்கு முடியாமற் போகாது.

கணிப்பொறிக்கு வரைபடம் எவ்வாறு விளங்குகிறது? அதற்குக் கண் இல்லை. ஒரு மாவட்டம் என்றால் அதற்கு ஒரு புள்ளி வரிசை, அவ்வளவே. கள்ளக்குறிச்சி நகரம் ஏறத்தாழ வட அட்சரேகை 11 பாகை 44 கலையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை 58 கலையிலும் இருக்கிறது. இவ்வாறே மாவட்டத்தின் எல்லைமேல் உள்ள ஆயிரக்கணக்கான இடங்களின் அட்ச தீர்க்க எண்களை வரிசையாகக் கொடுத்தால், அவற்றைக் கோட்டால் இணைத்து, புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர்ந்து, மூடிய உருவம் ஒன்றைக் கணிப்பொறி அமைத்துக்கொள்ளும். மாவட்டங்கள் பலவற்றின் உருவங்களைத் தாங்கிய இந்த ஏட்டை எல்லைக்கோப்பு என்று சொல்வோம். 'ஆர்' மொழியில் இதனைப் படிப்பதற்கு 'எஸ்எஃப்' என்ற துணைத் தொகுப்பும், படமாக வரைவதற்கு 'ஜிஜிபிளாட்2' என்ற துணைத் தொகுப்பும் பெரும்பாலும் பயன்படுகின்றன.

எல்லைக்கோப்பு ஒன்று, எண்களின் அட்டவணை மற்றொன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து மாவட்டத்தின் பெயரையும் அதன் எழுத்தறிவு விகிதத்தையும் இரு பத்திகளாக எழுதிக்கொள்கிறோம். இவ்விரண்டையும் பிணைக்கவேண்டும். பிணைக்கும் கயிறு மாவட்டத்தின் பெயர். எல்லைக்கோப்பில் இருக்கும் பெயரும் அட்டவணையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் கணிப்பொறி இரண்டையும் சேர்க்கும். ஓர் எழுத்து மாறினாலும் சேர்க்காது.

முதல் இடர் இங்கேயே வருகிறது. விழுப்புரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் 'எல்' இரண்டும் 'பி' ஒன்றும் இடுகிறார்கள். கணக்கெடுப்பு ஏட்டில் 'எல்' ஒன்றும் 'பி' இரண்டும் உள்ளன. நமக்கு இரண்டும் ஒரே ஊர். கணிப்பொறிக்கோ இரண்டு வேறு ஊர்கள். கன்னியாகுமரிக்கும் தூத்துக்குடிக்கும் இதே தொல்லை உண்டு. நீலகிரி ஓரிடத்தில் வெறும் நீலகிரியாகவும், மற்றோரிடத்தில் முன்னால் ஓர் ஆங்கில அடைசொல்லுடனும் நிற்கும். இதற்காகவே கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் கிராமத்துக்கும் குறியெண் வழங்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் குறியெண் 33. பெயரைக்கொண்டு பிணைப்பதைவிடக் குறியெண்ணைக்கொண்டு பிணைப்பது பாதுகாப்பானது. ஒரே வகுப்பில் மூன்று முருகன்கள் இருந்தால் வருகைப்பதிவேட்டின் எண்ணைச் சொல்லி அழைப்போம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

அடுத்த இடர் இதனினும் பெரிது. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993 இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாயிற்று. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி 2019 ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது தமிழ்நாட்டில் இருந்தவை 32 மாவட்டங்கள். இன்று இருப்பவை 38. ஆகவே இன்றைய எல்லைக்கோப்பையும் 2011 இன் அட்டவணையையும் பிணைத்தால் என்ன ஆகும்? கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆகிய ஆறு மாவட்டங்களுக்கும் அட்டவணையில் வரி இல்லை. எண் கிடைக்காத இடத்துக்கு 'ஆர்' மொழி சாம்பல் நிறம் பூசிவிடும். படத்தில் ஆறு சாம்பல் திட்டுகள் தோன்றும்.

சாம்பல் திட்டைக் கண்டு நீங்கள் அஞ்சவேண்டா. அது, 'எனக்கு எண் கிடைக்கவில்லை' என்று கணிப்பொறி நேர்மையாகச் சொல்லும் சொல். அஞ்சவேண்டியது அதற்குப் பக்கத்தில் இருக்கும் மாவட்டத்தைக் கண்டு. 2011 இல் விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.88 விழுக்காடு. அந்த எண் கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் உள்ளிட்ட பழைய பெரிய விழுப்புரத்துக்கு உரியது. பெயர் ஒத்துப்போவதால், அதனைக் கணிப்பொறி இன்றைய சிறிய விழுப்புரத்தின்மேல் ஐயமின்றிப் பூசிவிடும். பார்ப்பவருக்கு அங்கே பிழை இருப்பது தெரியாது. வெற்றிடமாகத் தெரியும் குறையைவிட, நிறைந்தது போலத் தோன்றும் குறையே ஆபத்தானது.

இதற்கு நேரான வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, 2011 இன் எண்களுக்கு 2011 இன் எல்லையையே பயன்படுத்தி, அந்த ஆண்டைப் படத்தின் தலைப்பில் எழுதிவிடுவது. இது எளிது, நேர்மையானதுங்கூட. மற்றொன்று, கீழ்மட்ட எண்களிலிருந்து புதிய மாவட்டத்தைக் கட்டி எழுப்புவது. இது உழைப்பை வேண்டுவது. வட்டங்களைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் வட்டங்களும் நிலையாக நிற்பதில்லை. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டம் 2011 இல் இல்லை. அந்த மலை ஊர்கள் அன்று பழைய வட்டங்களுக்குள் எண்ணப்பட்டன. அன்றைய திருக்கோவிலூர் வட்டத்து ஊர்கள் சில, பின்னர்க் கண்டாச்சிபுரம் வட்டத்தில் சேர்ந்து விழுப்புரம் மாவட்டத்திலேயே நின்றுவிட்டன. ஆகவே கிராமம் கிராமமாக எண்களை எடுத்து, இந்தக் கிராமம் இன்று எந்த வட்டத்தில் இருக்கிறது என்று குறித்து, அதன்பின் கூட்டவேண்டும். கூட்டும் வேலையைக் கணிப்பொறி செய்யும். எந்த ஊர் எங்கே சேர்ந்தது என்பதை அறிந்து சொல்லவேண்டியவன் மனிதன்.

கூட்டும்போது ஒரு விதியை மறக்கலாகாது. விழுக்காடுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கக்கூடாது, ஆட்களைக் கூட்டவேண்டும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சமவெளிப் பகுதி ஒன்றில் 2,00,000 பேர். அவர்களில் எழுத்தறிந்தோர் 80 விழுக்காடு, அதாவது 1,60,000 பேர். மலைப்பகுதி ஒன்றில் 20,000 பேர். அவர்களில் எழுத்தறிந்தோர் 50 விழுக்காடு, அதாவது 10,000 பேர். 80 ஐயும் 50 ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 65 வரும், இது தவறு. ஆட்களைக் கூட்டினால் 2,20,000 பேரில் 1,70,000 பேர் எழுத்தறிந்தவர். விழுக்காடு ஏறத்தாழ 77.3. இதுவே சரி. மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். எழுத்தறிவு விகிதத்தைக் கணக்கெடுப்புத் துறை ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கொண்டே கணக்கிடுகிறது. தொட்டிற் குழந்தையையும் சேர்த்து மொத்த மக்கள்தொகையால் வகுத்தால், ஊர் உண்மையில் இருப்பதைவிடப் பின்தங்கியதாகத் தோன்றும்.

எண் சரியாகிவிட்டது. இனி நிறம். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று யார் முடிவு செய்வது? தமிழ்நாட்டின் 2011 எழுத்தறிவு எண்களைப் பாருங்கள். மிகக் குறைந்தது தருமபுரி, 68.54. மிக உயர்ந்தது கன்னியாகுமரி, 91.75. மாநிலம் முழுவதற்கும் 80.09. இந்த இடைவெளியைச் சமமான மூன்று படிகளாக வெட்டினால், முதற்படி ஏறத்தாழ 76.28 இல் முடியும். விழுப்புரம், சேலம், திருவண்ணாமலை, நாமக்கல் முதலியன எல்லாம் ஒரே நிறத்தில் அடங்கிவிடும்.

இவ்வாறு செய்யாமல், 32 மாவட்டங்களையும் ஏறுவரிசையில் நிறுத்தி, எட்டெட்டாக நான்கு குழுக்கள் ஆக்குவோம் என்று ஒருவர் சொல்லலாம். அப்போது முதற் குழுவில் தருமபுரி 68.54 உடன் பெரம்பலூர் 74.32 சேர்ந்து நிற்கும். ஆறு விழுக்காட்டுக்குச் சற்றே குறைந்த வேறுபாடு இருந்தும் இரண்டுக்கும் ஒரே நிறம். ஆனால் பெரம்பலூருக்கு அடுத்து நிற்கும் நாமக்கல் 74.63; வேறுபாடு 0.31 மட்டுமே. இருந்தும் நாமக்கல்லுக்கு வேறு நிறம். எண்களில் ஒன்றும் மாறவில்லை. வெட்டும் இடம் மாறியது. படத்தின் பேச்சே மாறிவிட்டது. பரீட்சையில் 34 வாங்கியவனும் 35 வாங்கியவனும் அறிவில் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒருவன் தேறியவன், மற்றவன் தேறாதவன். வரைபடத்தின் படிகளும் அத்தகையனவே.

இப்போது இதனை நம் மலைமேல் வைத்துப் பார்ப்போம். கல்வராயன் மலைத்தொடர் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாக வழங்குகிறது. கோமுகி ஆறு பிறப்பது இம்மலையில். வெள்ளிமலையும் கரியாலூரும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளன. மேற்கே கருமந்துறை சேலம் மாவட்டத்தில் உள்ளது. இரு பக்கமும் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் ஒரே இனத்தவர், தமிழ் பேசுபவர், பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர். அவர்கள் நடுவே மாவட்ட எல்லை என்ற கோடு ஓடுகிறது. 2011 இல் கிழக்குப் பக்கம் விழுப்புரம் மாவட்டத்தின் 71.88 ஐயும், மேற்குப் பக்கம் சேலம் மாவட்டத்தின் 72.86 ஐயும் அணிந்துகொண்டன. வரைபடக்காரர் தம் படிகளை 70, 75, 80 என்று வைத்தால் மலை முழுவதும் ஒரே நிறம். 72 இல் ஒரு படி வைத்தாலோ, மலை நடுவே பிளந்து, கருமந்துறை முன்னேறியதாகவும் வெள்ளிமலை பின்தங்கியதாகவும் காட்சி தரும். மலையில் அத்தகைய பிளவு உண்டா? அந்தப் பிளவை உண்டாக்கியது வரைபடக்காரர் தேர்ந்த ஓர் எண்.

அதனினும் ஆழமான ஒன்று உண்டு. 71.88 என்பதும் 72.86 என்பதும் மலையின் எண்களே அல்ல. அவை கீழே சமவெளியில் வாழும் பல இலட்சம் மக்களின் எண்கள். 2011 இல் விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34,58,873. அதில் பழங்குடியினர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். சற்று முன் போட்ட கணக்கை நினைவுகூருங்கள். மலையில் பாதிப்பேர் எழுத்தறியாதிருந்தும், கூட்டுக் கணக்கில் சமவெளியின் 80 என்ற எண் 77.3 ஆகத்தான் இறங்கியது. மலை தன் குறையைச் சொல்ல வாயெடுக்கிறது. சராசரி அதன் குரலை விழுங்கிவிடுகிறது. இது வெறுங்கணக்கு அன்று. 2011 இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 ஆக இருந்தபோது, தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 ஆக இருந்தது. மாவட்ட வாரியான எந்தப் படத்திலும் இந்த 54.3 க்கு ஒரு நிறம் கிடையாது.

நான் பணியிலிருந்த காலத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் பலர் இருந்தனர். ஒருமுறை, வகுப்பில் மாவட்ட வாரியான எழுத்தறிவுப் படத்தை மாட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மலைப் பையன் எழுந்து, "சார், எங்க மலைக்கும் இதே நிறந்தானா?" என்று கேட்டான். ஏன் கேட்கிறாய் என்றேன். "எங்க ஊர்ல என் அப்பா அம்மா காலத்து ஆளுங்க யாருக்குமே கையெழுத்துப் போடத் தெரியாது, சார்" என்றான். புள்ளியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தியை அப்பிள்ளை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். பகுதிக்கு உரிய நிறம் அந்தப் பகுதியில் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் உரியதன்று. அதுபோலவே, வெளிறிய மாவட்டத்தில் பிறந்தவன் ஒவ்வொருவனும் கற்றவன் அல்லன். அடர்ந்த மாவட்டத்தில் பிறந்தவன் ஒவ்வொருவனும் கல்லாதவன் அல்லன்.

பரப்பும் நம்மை ஏமாற்றக்கூடியது. கண் என்பது பெரிய திட்டைப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்ளும். மலை வட்டம் வரைபடத்தில் அகன்று கிடக்கும். அதன் பெரும்பகுதி காடு. மக்கள் அங்கங்கே சிற்றூர்களில் வாழ்கிறார்கள். நகரமோ படத்தில் கடுகளவு இருக்கும். அதற்குள் மக்கள் நெருங்கியிருப்பர். சென்னையில் 2011 இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் 481 பேர். மாநிலப் படத்தில் சென்னையைத் தேடிப் பிடிக்கவேண்டும். விழுப்புரம் கண்ணை நிறைக்கும். ஆகவே இவ்வகைப் படங்களில் மொத்த ஆட்களின் எண்ணிக்கைக்கு நிறம் தீட்டலாகாது, விகிதத்துக்கே தீட்டவேண்டும். பெரிய மாவட்டத்தில் பள்ளிகளின் எண்ணிக்கை மிகுதி என்று படம் காட்டினால், அது பெரிய மாவட்டம் என்பதைத் தவிர வேறொன்றும் நமக்குத் தெரியவில்லை.

மக்கள் நெருக்கத்தைக் காட்டும் படத்தில் காட்டுக்கும் சேர்த்து நிறம் பூசுவது மற்றொரு குறை. கோரோப்ளெத் என்று பெயரிட்ட ரைட் அவர்களே இக்குறையை உணர்ந்தவர். அவர் 1936 இல் அமெரிக்காவின் காட் முனை என்ற நிலப்பகுதியைப் படமாக்கியபோது, மக்கள் வாழாத நிலத்தை நீக்கிவிட்டு, மக்கள் வாழும் நிலத்துக்கு மட்டும் நெருக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். இன்று காப்புக்காடுகளின் எல்லையையும் நீர்நிலைகளின் எல்லையையும் கணிப்பொறியில் ஏற்றி, வட்டத்தின் உருவத்திலிருந்து அவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சிய நிலத்துக்கு நிறம் தீட்டலாம். 'ஆர்' மொழியில் இதற்கு ஒரே கட்டளை போதும். ரைட் நாட்கணக்கில் உழைத்த வேலை உங்களுக்கு ஒரு வரி.

நிறத்தைத் தேர்வதிலும் முறை உண்டு. எண் படிப்படியாக ஏறுமாயின் நிறமும் படிப்படியாக ஏறவேண்டும்: வெளிறிய நீலம், நீலம், கருநீலம் என்பது போல. வானவில்லின் ஏழு நிறங்களையும் இறைத்தால் படம் திருவிழாத் தோரணம் போல் ஆகும். மஞ்சள் பெரிதா, பச்சை பெரிதா என்று பார்ப்பவர் ஓரத்துக் கட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேரும். ஒரு நடு எண்ணுக்கு மேலும் கீழும் காட்டவேண்டுமானால், நடுவில் வெளிறிய நிறம் வைத்து, இரு பக்கமும் இரு வேறு நிறங்களை அடர்த்தியாக்கலாம். மாநிலச் சராசரி 80.09 ஐ நடுவாக வைத்து அவ்வாறு தீட்டலாம். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைப்பதைத் தவிர்க்கவேண்டும். அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாத கண்ணுடையோர், குறிப்பாக ஆண்களில், நூற்றுக்குச் சிலர் இருக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பூகோள ஆசிரியை சிந்தியா புரூவர் இவற்றையெல்லாம் ஆராய்ந்து தொகுத்த வண்ண வரிசைகள் 'ஆர்' மொழியில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன.

துப்பேன் கல்லாமையைக் கறுப்பாகக் காட்டினார். நான் அவ்வாறு செய்யமாட்டேன். இருப்பது மிகுந்தால் நிறம் அடர்வதே இயல்பு. எழுத்தறிவு மிகுந்த இடம் அடர்ந்தும் குறைந்த இடம் வெளிறியும் இருக்கட்டும். வகுப்பறைச் சுவரில் தன் ஊர்மேல் கறுப்புப் பூசியிருப்பதை ஒரு குழந்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பது நன்றன்று. அவ்வூருக்கு இன்னும் கிடைக்கவேண்டியது இருக்கிறது என்பதை வெற்றிடமே சொல்லும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, இது ஒரு படந்தானே என்று நீங்கள் கேட்கலாம். படத்தைப் பார்த்துத்தான் பணம் ஒதுக்கப்படுகிறது. எங்கே பள்ளி வேண்டும், எங்கே மருத்துவமனை வேண்டும், எங்கே சாலை வேண்டும் என்பதை முடிவு செய்பவர் வெள்ளிமலைக்கு ஏறிவர நேரமில்லாதவராக இருக்கலாம். அவர் மேசைமேல் இருப்பது படம். அதில் மலை சமவெளியின் நிறத்தை அணிந்திருந்தால் அவர் விரல் மலையின்மேல் நில்லாது நகர்ந்துவிடும். மத்திய அரசு 2018 இல் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்து ஒரு முன்னேற்றத் திட்டம் தொடங்கியது. 2023 இல் அதனை அடுத்து, 500 ஒன்றியங்களைத் தேர்ந்து மற்றொரு திட்டம் தொடங்கியது. மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கு இறங்கிப் பார்ப்பது நல்ல படி. அலகு சிறிதாகச் சிறிதாக, மறைந்திருக்கும் ஊர் வெளிப்படுகிறது.

அதற்காக அலகைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம் என்றும் எண்ணிவிடாதீர்கள். பத்து வீடுகள் உள்ள குக்கிராமத்தில் இரண்டு பேர் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டால் விழுக்காடு தலைகீழாகும், நிறமும் குதிக்கும். மிகப் பெரிய அலகு மறைக்கும். மிகச் சிறிய அலகு நிலைகொள்ளாது. கேட்கும் கேள்விக்குப் பொருத்தமான அலகைத் தேர்வதே அறிவுடைமை. மலைக்கு ஆரம்பப் பள்ளி வேண்டுமா என்பது கேள்வியானால் கிராமம் பொருந்தும். கல்லூரி வேண்டுமா என்பது கேள்வியானால் வட்டம் பொருந்தும்.

2021 இல் நடக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாத் தொற்றினால் தள்ளிப்போயிற்று. 2027 ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியை ஆதாரமாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. கள்ளக்குறிச்சி என்ற மாவட்டம் தன் பெயரில் தனக்கென ஒரு வரியைப் பெறப்போகும் முதற் கணக்கெடுப்பு அதுவே. கல்வராயன் மலை வட்டத்துக்கும் அவ்வாறே. அந்த எண்களுக்கு நிறம் தீட்டப்போகிறவர்கள் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கும் நீங்கள். ஆதலால் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புத் துறையின் கிராம வாரியான 2011 எண்கள் எவருக்கும் கிடைக்கும்படி இருக்கின்றன. 'ஆர்' மொழியும் விலையின்றிக் கிடைக்கிறது. உங்கள் வட்டத்து ஊர்களின் எழுத்தறிவைப் படமாக்கிப் பாருங்கள்.

தீட்டி முடித்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த எண் எந்த ஆண்டினது, இந்த எல்லை எந்த ஆண்டினது? இது ஆட்களின் தொகையா, விகிதமா? படிகளை வேறு இடத்தில் வெட்டினால் படம் வேறு கதை சொல்லுமா? இந்த நிறத்துக்குள் தன் எண் தெரியாமல் நிற்பவர் யார்? முதல் மூன்றுக்கும் கணிப்பொறியின் துணையுடன் விடை காணலாம். நான்காவதற்கு விடை வேண்டுமாயின், கச்சிராயப்பாளையம் வழியாகப் பேருந்து ஏறி ஒருநாள் மலைக்குப் போய்வாருங்கள்.